2.6 லட்சம் வீட்டில் கேட்டால் 140 கோடிப் பேரைத் தெரிந்துவிடுமா? நாட்டுக்கே கணக்குப் பார்த்த மகலனோபிஸின் கதை

கல்லூரி புராஜெக்ட், எம்.பி.ஏ. ஆய்வறிக்கை, ஆபீஸ் பிரசன்டேஷன் என்று எதை எடுத்தாலும் ஒரு கட்டத்தில் நம்பர் தேவைப்படும். வேலையில்லாதவர்கள் எத்தனை சதவீதம்? கிராமத்துக் குடும்பம் ஒன்று மாதம் எவ்வளவு செலவு செய்கிறது? படிப்புக்கும் சம்பளத்துக்கும் என்ன தொடர்பு? இப்படித் தேடிக்கொண்டே போனால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்போம். அது மத்திய அரசின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, சுருக்கமாக என்.எஸ்.எஸ்.

2022-23-ல் நடந்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் சந்தித்தது சுமார் 2.6 லட்சம் குடும்பங்களைத்தான். அதை வைத்து 140 கோடிப் பேர் வாழும் நாடு எப்படிச் சாப்பிடுகிறது, எதற்குச் செலவழிக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். நம் வீட்டுக்கு யாரும் வந்து கேட்கவே இல்லையே, அப்புறம் இதை எப்படி நம்புவது என்ற சந்தேகம் வருவது நியாயம்தான்.

அதே சந்தேகத்தை முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே அதிகாரிகளிடமும் பொருளாதார நிபுணர்களிடமும் எதிர்கொண்டவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். இயற்பியல் படித்தவர். புள்ளியியலில் பட்டம் வாங்கியதே இல்லை. ஆனாலும் இந்தியப் புள்ளியியலின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறோம்.

ரயில் போனது, கேம்பிரிட்ஜ் கிடைத்தது

1893 ஜூன் 29-ம் தேதி கல்கத்தாவில், பிரம்ம சமாஜத்தில் ஈடுபாடு கொண்ட குடும்பத்தில் பிறந்தார் மகலனோபிஸ். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்தார். ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே அவருடைய ஆசிரியர்கள். 1912-ல் பட்டம் முடித்து, அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குப் போனார்.

லண்டன் பல்கலைக்கழகத்தில் சேருவதுதான் திட்டம். ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர், லண்டனுக்குத் திரும்பும் கடைசி ரயிலை விட்டுவிட்டார். அன்றிரவு அங்கே படித்துக்கொண்டிருந்த நண்பரின் அறையில் தங்கினார். கிங்ஸ் கல்லூரியின் தேவாலயம் அவரை அசத்தியிருந்தது. இங்கேயே படிக்கலாமே என்று நண்பரும் சொல்ல, மறுநாளே விண்ணப்பித்தார். இடமும் கிடைத்தது.

அந்தக் காலத்தில்தான் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜனும் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார். இருவரும் நண்பர்களானார்கள். இங்கிலாந்துக் குளிரில் ராமானுஜன் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குவது மகலனோபிஸுக்குத் தெரியவந்தது. கட்டிலைப் போய்ப் பார்த்தால், போர்வைகள் மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. போர்வைக்கு மேலேயே படுத்திருக்கிறார். எப்படி என்று காட்டிக்கொடுத்தவர் மகலனோபிஸ்.

இன்னொரு நாள் ராமானுஜன் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் வந்த ஒரு கணக்குப் புதிரை மகலனோபிஸ் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் 1 முதல் வரிசையாகக் கதவு எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள் இருக்கின்றன என்றால் அந்த வீட்டின் எண் என்ன? மகலனோபிஸ் சில நிமிடங்களில் விடை கண்டுபிடித்திருந்தார்: 288 வீடுகள் உள்ள தெருவில் 204-ம் எண் வீடு. ராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே, இதுபோன்ற எல்லாத் தெருக்களுக்கும் விடை தரும் ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லிவிட்டார்.

கப்பலில் படித்த பத்திரிகை

1915-ல் கேம்பிரிட்ஜ் படிப்பு முடிந்தது. கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கும் முன் கொஞ்ச நாள் ஊருக்குப் போய் வரலாம் என்று கிளம்பினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் கப்பல் தாமதமானது. காத்திருந்த நாட்களைக் கல்லூரி நூலகத்தில் கழித்தபோது, மெக்காலே என்ற ஆசிரியர் அவருக்கு ஒரு பத்திரிகையைக் காட்டினார். கார்ல் பியர்சன் நடத்திவந்த பயோமெட்ரிகா. உயிரியல் அளவீடுகளைக் கணிதத்தால் ஆராயும் இதழ் அது.

மகலனோபிஸ் அதன் முழு செட்டையும் விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றினார். வழியெல்லாம் படித்தார். உயரம், எடை, மழை, விளைச்சல் என்று எதை அளந்தாலும், அந்த அளவுகளுக்குள் ஒளிந்திருக்கும் தொடர்பைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது என்பது அவருக்குப் பிடிபட்டது.

கல்கத்தாவில் இறங்கியதும் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் வகுப்பு எடுக்க ஆள் தேவைப்பட்டது. கொஞ்ச நாளைக்கு என்று ஒப்புக்கொண்டார். அந்தக் கொஞ்ச நாள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நீண்டது. கேவண்டிஷ் ஆராய்ச்சி அத்தோடு போனது.

முதல் டேட்டா: பரீட்சை மார்க்

1917-ல், தத்துவப் பேராசிரியர் பிரஜேந்திரநாத் சீல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவுகளை அலசித் தரும்படி கேட்டுக்கொண்டார். மகலனோபிஸ் கையில் எடுத்த முதல் புள்ளியியல் வேலைகளில் ஒன்று அதுதான். இன்று ஒரு மாணவர் லேப்டாப்பில் செய்யும் வேலையை அவர் தாளும் பென்சிலுமாகச் செய்தார்.

1920-ல் நாக்பூரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்குப் போனபோது நெல்சன் அன்னாண்டேலைச் சந்தித்தார். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநர் அவர். கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை எடுத்து வைத்திருந்தார், ஆனால் அவற்றை வைத்து என்ன செய்வதென்று வழி தெரியவில்லை. அந்தக் கட்டு மகலனோபிஸிடம் வந்தது. ஆண்களின் உயரத்தை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1922-ல் வெளியானது. புள்ளியியலில் அவருடைய முதல் கட்டுரை அது.

இதே வேலை அவரை இன்னொரு கேள்விக்குக் கொண்டுபோனது. இரண்டு கூட்டத்தாருக்கு இடையே எவ்வளவு வேறுபாடு என்று ஒரே எண்ணில் சொல்ல முடியுமா? உயரம், கை நீளம், தலை அகலம் என்று ஒவ்வொன்றின் வித்தியாசத்தையும் எடுத்துக் கூட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் உயரமானவர்களுக்குக் கையும் நீளமாகத்தான் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் ஒரே விஷயத்தை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். அளவுகளுக்குள் இருக்கும் இந்த ஒட்டுறவைக் கழித்துவிட்டுத் தூரத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை அவர் உருவாக்கினார். 1936-ல் அதன் முழு வடிவம் வெளியானது. மகலனோபிஸ் தூரம் என்று உலகம் முழுவதும் அறியப்படுவது இதுதான். வழக்கத்துக்கு மாறான தரவைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இன்றைய டேட்டா சயின்டிஸ்ட்டுகளும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. அச்சில் வந்துவிட்டது என்பதற்காக எந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். வங்காளத்தின் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற பிரிட்டிஷ் அதிகாரி வெளியிட்ட உடல் அளவுகளைப் பலரும் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகலனோபிஸ் அவற்றை வரிசை வரிசையாகச் சரிபார்த்து, ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களைத் திருத்தி 1933-ல் வெளியிட்டார்.

வெள்ளத்துக்குக் காரணம் ஆறா, மழையா?

எண்களைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு வெள்ளங்கள் காட்டின. 1922-ல் வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம். தண்ணீரைத் தேக்கிவைக்கப் பெரும் செலவில் தடுப்புத் தேக்கங்கள் கட்டலாம் என்று பொறியாளர்கள் யோசித்தார்கள். மகலனோபிஸ் சுமார் 50 ஆண்டு மழைக் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தார். தேக்கங்கள் பயன் தராது, தண்ணீர் வேகமாக வடிய வழி செய்வதுதான் முக்கியம் என்று அறிக்கை கொடுத்தார்.

1926-ல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம். ஆற்றுப்படுகை மேடாகிவிட்டது, அதனால் கரைகளை உயர்த்த வேண்டும் என்று நிபுணர் குழு சொன்னது. கேட்டால் சரி என்றுதான் தோன்றும். அவர் 60 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தபோது படுகை உயர்ந்ததற்கான அடையாளமே இல்லை. அதிக மழைதான் வெள்ளத்துக்குக் காரணம். கரையை உயர்த்துவதைவிட, மேல்பகுதியில் அணை கட்டித் தண்ணீரைக் கட்டுப்படுத்துவதே தீர்வு என்றார். மகாநதியில் அணை கட்டுவது பற்றி அவர் செய்த கணக்குகள் பின்னாளில் ஹிராகுட் அணைத் திட்டத்துக்கு உதவின. அந்த அணை 1957-ல் திறக்கப்பட்டது.

இரண்டு விஷயங்கள் சேர்ந்தே நடக்கின்றன என்பதால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகிவிடாது. இன்று புள்ளியியல் வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தரும் பாடம் இது. அன்று அது பெரும் பணமும் பல ஊர்களின் பாதுகாப்பும் சம்பந்தப்பட்ட விவகாரமாக இருந்தது.

238 ரூபாயில் ஒரு நிறுவனம்

பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் துறையில், அவருடைய அறையைச் சுற்றியே புள்ளியியல் ஆய்வகம் வளர்ந்தது. 1931 டிசம்பர் 17-ம் தேதி கூடிய கூட்டத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தொடங்க முடிவானது. 1932 ஏப்ரலில் பதிவு செய்யப்பட்டது. முதல் ஆண்டுச் செலவு 238 ரூபாய். அங்கே பகுதி நேரமாக ஒரு கம்ப்யூட்டர் உண்டு. கம்ப்யூட்டர் என்றால் மெஷின் இல்லை, உட்கார்ந்து கணக்குப் போடும் மனிதர். அந்தக் காலத்தில் அந்த வேலைக்கே அதுதான் பெயர்.

1933-ல் சாங்க்யா என்ற ஆய்விதழைத் தொடங்கினார். ஆர்.சி. போஸ், எஸ்.என். ராய் போன்ற கணித மேதைகள் வந்து சேர்ந்தார்கள். 1941-ல் சி.ஆர். ராவ் என்ற இளைஞர் பயிற்சிக்காக வந்தார். பின்னாளில் உலகம் கொண்டாடிய புள்ளியியல் அறிஞராக அவர் உயர்ந்தார்.

சணல் வயலில் நடந்த சோதனை

வங்காளத்தின் பணப்பயிர் சணல். எவ்வளவு விளையும் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் விலை, ஏற்றுமதி, மில் வேலை எல்லாவற்றையும் திட்டமிட முடியும். ஆனால் நிலக் கணக்கை ஊர் ஊராக எழுதிவைக்கும் ஏற்பாடு அங்கே சரியாக இல்லை. அரசின் மதிப்பீடு பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் சொல்லும் உத்தேசம்தான்.

மாகாணம் முழுக்க ஒவ்வொரு வயலாக எண்ணலாம். அதற்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், பெரும் பணமும் வேண்டும். அவ்வளவு பேரையும் மேற்பார்வை பார்க்க முடியாததால் தப்பும் கூடும். மகலனோபிஸ் வேறு வழியைச் சொன்னார். வரைபடத்தில் எந்தச் சார்பும் இல்லாமல் குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்தெடுப்பது. நன்றாகப் பயிற்சி பெற்ற சிறிய குழுவை அனுப்பி அந்த இடங்களை மட்டும் அளப்பது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று வீட்டில் சொல்வதுதான். ஆனால் சோறு எடுக்கும் முன் பானையை நன்றாகக் கிளற வேண்டும். மேலாக இருப்பதை மட்டும் எடுத்தால் அடியில் வேகாதது தெரியாது.

1937-ல் சின்னப் பகுதியில் சோதனையாகத் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு விரிவாக்கி, 1941-ல் வங்காளம் முழுக்க எடுத்துச் சென்றார். பெரிய கணக்கெடுப்புக்கு முன் சிறியதாக ஒன்றைச் செய்துபார்க்கும் பைலட் சர்வே முறையை ஒழுங்காக வகுத்தவர்களில் அவர் முன்னோடி. முழு எண்ணிக்கைக்கு ஆகும் செலவில் சிறு பங்கிலேயே நம்பகமான மதிப்பீடு கிடைத்தது.

அவர் செய்த இன்னொரு ஏற்பாடு அதைவிட முக்கியம். ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகள், இரண்டு தனித்தனிக் குழுக்கள். ஒரு குழு என்ன எழுதியது என்று அடுத்த குழுவுக்குத் தெரியாது. இரண்டு விடைகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகினால் எங்கோ கோளாறு, போய்த் தேட வேண்டும். எண்ணைக் கொடுப்பவரே அந்த எண் எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துக் கொடுக்கும் முறை இது.

எல்லாவற்றிலும் அவர் சொன்னதே சரி என்றும் ஆகிவிடவில்லை. விளைச்சலை அறியச் சின்னச் சின்ன வட்டங்களில் பயிரை அறுத்துப் பார்க்கலாம் என்றார். பி.வி. சுகாத்மே என்ற இன்னொரு புள்ளியியல் அறிஞர் இதை எதிர்த்தார். வட்டம் சிறியதாக இருந்தால் ஓரத்தில் நிற்கும் செடிகளையும் உள்ளே சேர்த்துவிடுவார்கள், விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்பது அவர் வாதம். அவருடைய சோதனைகளும் அதையே காட்டின.

பஞ்சமும் உப்பும்

1943-ல் வங்காளப் பஞ்சம் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு மகலனோபிஸின் குழு கிராமங்களுக்குப் போனது. யார் நிலத்தை விற்றார்கள், யார் மாட்டை இழந்தார்கள், யார் பிச்சை எடுக்கும் நிலைக்கு வந்தார்கள் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டார்கள். பஞ்சம் எல்லோரையும் ஒரே மாதிரி அடிக்கவில்லை. விவசாயக் கூலிகள், மீனவர்கள், கைவினைஞர்கள் மீதுதான் இடி அதிகமாக விழுந்தது. கணக்கெடுப்பு இல்லாமல் போயிருந்தால் இது வெறும் அனுமானமாகவே நின்றிருக்கும்.

1947-ல் டெல்லிக் கலவரத்தின்போது செங்கோட்டையில் அகதிகள் தங்கவைக்கப்பட்டார்கள். சாப்பாடு கொடுத்த ஒப்பந்ததாரர்களின் பில்கள் எகிறிக்கொண்டே போயின. உள்ளே எத்தனை பேர் என்று அரசுக்குத் தெரியாது. உள்ளே போய் எண்ணவும் முடியாத சூழல். மகலனோபிஸுடன் வேலை செய்த ஜே.எம். சென்குப்தா ஒரு யோசனை சொன்னார். ஒரு நபர் ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு அரிசி, பருப்பு, உப்பு சாப்பிடுகிறார் என்பது பழைய கணக்கெடுப்புகளிலிருந்து தெரியும். பில்லில் உள்ள அளவை அதால் வகுத்தால் ஆள் எண்ணிக்கை வந்துவிடும்.

அரிசிக் கணக்கு மிகப் பெரிய எண்ணைக் கொடுத்தது, உப்புக் கணக்கு மிகச் சிறிய எண்ணை. சென்குப்தா உப்பைத்தான் நம்பினார். உப்பு மலிவு, அதைக் கூட்டி எழுதி யாரும் பெரிதாக லாபம் பார்க்க முடியாது. எண்ணோடு சேர்த்து அதை எழுதியவருக்கு என்ன ஆதாயம் என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம். சி.ஆர். ராவ் இந்தச் சம்பவத்தைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

நாடு முழுக்க ஒரு சர்வே

சுதந்திரம் கிடைத்தபோது நாட்டின் வருமானம் எவ்வளவு என்றே உறுதியாகத் தெரியாது. 1949-ல் தேசிய வருமானக் குழு அமைக்கப்பட்டது. மகலனோபிஸ் தலைவர். டி.ஆர். காட்கிலும் வி.கே.ஆர்.வி. ராவும் உறுப்பினர்கள். வேலையைத் தொடங்கியதும் இடைவெளிகள் பெரிதாகத் தெரிந்தன. குடும்பங்கள் என்ன செலவு செய்கின்றன என்பதற்கே நாடு தழுவிய தரவு இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பப் பிறந்ததுதான் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. முதல் சுற்று 1950 அக்டோபரில் தொடங்கியது. பல மொழிகள், ஊருக்கு ஒரு முகத்தல் அளவை, ஊருக்கு ஒரு நிறை. எல்லாவற்றையும் ஒரே படிவத்துக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. மத்திய அரசின் மாதிரியோடு மாநில அரசுகளும் தங்கள் பங்குக்குத் தனி மாதிரி எடுக்கும் வழக்கம் வளர்ந்தது. தமிழ்நாட்டின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையும் இதைச் செய்துவருகிறது.

1950-களின் நடுவில் இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டரும் இவருடைய நிறுவனத்துக்குத்தான் வந்தது. பிரிட்டனில் செய்த மெஷின் அது. 1959-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது.

திட்டமும் விமர்சனமும்

நேருவுக்கு நெருக்கமானவராக இருந்த மகலனோபிஸ், 1956-ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவை உருவாக்கினார். எஃகு, இயந்திரங்கள் போன்ற கனரகத் தொழில்களில் முதலில் முதலீடு செய்தால் பின்னாளில் வளர்ச்சி வேகமெடுக்கும் என்பது அதன் அடிப்படை. பொருளாதார நிபுணர் பி.ஆர். ஷெனாய் 1955-லேயே மாற்றுக் கருத்தை எழுதிக் கொடுத்தார். விவசாயத்துக்கும் ஏற்றுமதிக்கும் போதிய இடம் தரப்படவில்லை என்ற விமர்சனம் பின்னர் வலுத்தது. 1960-களின் நடுவில் வந்த உணவுப் பற்றாக்குறை அந்த விமர்சனத்தை இன்னும் கூர்மையாக்கியது. விவாதம் இன்றுவரை முடியவில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்கலாம். அந்தத் திட்டம் ஏழைகளுக்கு என்ன செய்தது, செய்யவில்லை என்று விமர்சகர்கள் பேசும்போது கையில் எடுப்பதும் என்.எஸ்.எஸ். தரவைத்தான். தன் கொள்கையையே எடைபோடும் தராசையும் அவரே செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

1968-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. 1970-ல் கணக்கெடுப்பு வேலை மறுசீரமைக்கப்பட்டு, அவருடைய நிறுவனத்தின் கையிலிருந்த பொறுப்புகள் அரசு அமைப்பின் கீழ் போயின. 1972 ஜூன் 28-ம் தேதி, 79-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், கல்கத்தாவில் காலமானார். 2007 முதல் ஜூன் 29 தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

சரி, உங்கள் புராஜெக்ட்டுக்கு?

அடுத்த தடவை ஒரு சதவீதத்தை காப்பி, பேஸ்ட் செய்யும் முன், அந்த அறிக்கையின் பின்பகுதியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். எத்தனை குடும்பங்களைக் கேட்டார்கள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், என்ன கேள்வி கேட்டார்கள், எந்த மாதங்களில் கேட்டார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். பிழை எவ்வளவு இருக்கலாம் என்ற அட்டவணையும் இருக்கும். இரண்டு எண்கள் சேர்ந்து ஏறுகின்றன என்று தெரிந்தால், அவை இரண்டையும் ஏற்றும் மூன்றாவது விஷயம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிராமணி ஆற்று வெள்ளத்திலும் வெளிப்படையாகத் தோன்றிய காரணம் உண்மையான காரணமாக இருக்கவில்லை.

நீங்களே சர்வே எடுப்பதாக இருந்தால், நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்ம் லிங்கைப் போட்டு வரும் 200 பதில்களைவிட, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 50 பேரை நேரில் பார்த்துக் கேட்பது பல நேரங்களில் மேல். முதலில் ஐந்தாறு பேரிடம் கேட்டுப் பார்த்தால் கேள்வி யாருக்கும் புரியவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். திருத்திக்கொள்ள நேரமும் இருக்கும்.